கனடா ஒத்திகை

"நான் கனடாவுக்குப் போகட்டுமா?"

"உங்க இஷ்டம், அத்தான்."

போன வைகாசியில் பேசியது.

கட்டிய பெண்டாட்டியே காலைக் கட்டிப்போட்டாள் என்று நாளைக்கு ஒரு சொல் வந்துவிடக் கூடாது. அதற்காகத்தான் அப்படிச் சொன்னாள். வாய் அதைச் சொன்னது. மனசு வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது.

அவன் அந்த வாயை நம்பினான்.

அதோடு விட்டானா? பாளையங்கோட்டையில், மெத்தைக்கடை மாடியில் அவள் நடத்தும் ஆங்கில வகுப்பிலேயே வந்து சேர்ந்தான். வெல்டிங் பட்டறையிலிருந்து நேரே வருவான். கடைசி பெஞ்சில் உட்காருவான். எல்லாரையும் போல 'மிஸ்' என்பான்.

புருஷனை ஊரை விட்டு அனுப்ப, தானே பாடம் நடத்துகிற கொடுமை வேறு யாருக்கு வாய்க்கும்?

ஒருநாள்கூட அவள் குறைத்துச் சொல்லிக்கொடுத்ததில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

நாளைக்கு நிஜமான நேர்காணல். இன்று ஒத்திகை.

மேசைக்குப் பின்னால், கனடா அதிகாரியாக அவள் உட்கார்ந்திருந்தாள்.

பொழுதுபோக்கு என்ன?

நர்ஸ் ரெஜினாவுக்குத் தோட்டம் போடுவது.

லாரி ஓட்டும் சுடலைமுத்துவுக்கும் தோட்டம் போடுவது.

"ஒங்க வீட்டுல செடி எங்க இருக்கு, சுடல?"

"கைடுல இருக்கு, மிஸ்."

வகுப்பு சிரித்தது. அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியாகிவிட்டது. தப்பாக இருந்தாலும் சொந்தமாகச் சொல்லுங்கள். யார் கேட்டார்கள்? மனப்பாடம் செய்தே பத்தாவது தாண்டிய கூட்டம்.

அடுத்து அவன்.

"எங்கள் நாட்டுக்கு ஏன் வர விரும்புகிறீர்கள், மிஸ்டர் தளவாய்?" ஆங்கிலத்தில் கேட்டாள்.

அழகான ஏரிகள் என்றான். வெண்மையான பனி என்றான். மார்கழியில் ஃபேன் போட்டாலே போர்வை தேடுகிற மனுஷன்.

மூச்சு விடாமல் ஒப்பித்தான். நடுவில் ஒரு வார்த்தை நழுவியது. உடனே முதல் ஏரிக்கே திரும்பிப் போனான்.

"மறுபடியும்."

ஏரி.

"மறுபடியும்."

ஏரி. பனி விழுவதற்குள் நின்றுவிட்டான்.

இரண்டு மாதமாக இதே ஏரிதான். சாம்பார் ஊற்றும்போதும் ஏரி. பல் விளக்கும்போதும் ஏரி.

"அந்த ஏரியிலயே போய் விழுங்க!" தமிழில் வெடித்தாள். "மனசுல உள்ளத வாய் தொறந்து சொல்லத் தெரியாதா ஒரு மனுசனுக்கு?"

சொன்ன பிறகு அவளுக்கே சுருக்கென்றது.

ரெஜினா தலை குனிந்தாள். கீழே கடையில் பேரம் பேசுகிற சத்தம் மேலே வந்தது.

அவன் கைடை மூடினான்.

ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கி எடுத்தான். ஆங்கிலம்தான். ஓட்டை ஒடிசல்.

என் மனைவி டீச்சர். காலையில் பள்ளிக்கூடம். சாயங்காலம் இங்கே. நாள் முழுக்க நிற்கிறாள். ராத்திரி கால் வீங்குகிறது. தனக்கென்று அவள் எதுவும் கேட்டதில்லை. அவள் உட்கார வேண்டும். அதற்காக வருகிறேன்.

சுடலைமுத்து முதலில் கை தட்டினான். பிறகு எல்லாரும்.

"இது போதுமா, மிஸ்?"

எண்ணெய்க் கறை போகாத விரல்கள் கைடின் மேல் தவித்துக்கொண்டிருந்தன.

போதும். இதைச் சொன்னால் எந்த அதிகாரியும் விசா கொடுத்துவிடுவான்.

பாராட்ட வேண்டிய இடம். அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வகுப்பு முழுக்க அவளையே பார்த்தது.

பார்க்கட்டும்.

"அத்தான், போகாதீங்க."