பழனிச்சாமி நீக்கப்பட்டார்

பழனிச்சாமி இன்றைக்கும் அந்தப் பெண்ணை விடவில்லை. பிராங்க்ளின் செல்போனை ஜெராக்ஸ் மிஷின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆதார் நகலுக்கு நின்றவரைக் காரணமில்லாமல் முறைத்தார்.

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் பிராங்க்ளின்தான் 'பக்கத்துப் பக்கம்' வாட்ஸ்அப் குரூப்பின் அட்மின். அவரவர் இப்போது படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்திலிருந்து பிடித்த நாலு வரியைப் போட வேண்டும். அதற்காகத்தான் அந்தக் குரூப்.

அதில் திருவரங்குளம் சுகுணா தேர்ந்தெடுத்துப் போடுவதில் கெட்டிக்காரர். இன்று காலை ஏதோ ஒரு நாவலிலிருந்து போட்டிருந்தார்: "கேட்காத காதில் சொல்வதைவிடக் கிணற்றில் சொல்லலாம். கிணறாவது திருப்பிச் சொல்லும்."

கொஞ்ச நேரத்தில் பழனிச்சாமி வேறொரு புத்தகத்தோடு வந்துவிட்டார்: "கிணற்றுக்குக் காது இருந்திருந்தால் அது என்றைக்கோ தூர்ந்து போயிருக்கும்."

தினமும் இதே கூத்து. மற்றவர்கள் போடுவதை அவர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. சுகுணா போட்டால் மட்டும் எங்கிருந்தாவது ஒரு வரியைத் தேடிப் பிடித்து எதிரே நிறுத்துவார். பாவம், அந்தம்மாவும் எவ்வளவுதான் பொறுப்பார்? பதிலுக்கு இன்னொன்று போடுவார். கோட்டைப்பட்டினம் ஹம்னா, "இது புக் குரூப்பா, சண்டைக் குரூப்பா?" என்று கேட்டுவிட்டு வெளியேறிவிட்டார்.

பிராங்க்ளின் பழனிச்சாமிக்குப் போன் போட்டார்.

"சார், அந்தம்மா என்ன போட்டாலும் பின்னாடியே போறீங்க. நல்லா இல்லைங்க. அவங்கள விட்டுருங்க."

"அது முடியாதுங்களே தம்பி."

பிராங்க்ளினுக்குச் சுர்ரென்று ஏறியது. "பொம்பளைங்க இருக்குற குரூப் சார் இது."

"தெரியுந்தம்பி. நான் படிச்சதத்தான போடுறேன்" என்று போனை வைத்துவிட்டார் பழனிச்சாமி.

அன்று சாயங்காலம் சுகுணா போட்டார்: "கதவைத் திறந்து வைத்தது அவன் போவதற்காக அல்ல." பின்னாலேயே பழனிச்சாமி: "திறந்த கதவின் முன்னால் அவன் வெகுநேரம் நின்றான். உள்ளேயிருந்து யாரும்..."

மீதியைப் படிக்கிற பொறுமை பிராங்க்ளினுக்கு இல்லை. பழனிச்சாமியைக் குரூப்பை விட்டு நீக்கினார். கைதட்டல் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன.

மறுநாள் சுகுணா எதுவும் போடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. மற்றவர்களுக்கும் போட ஒன்றும் இல்லாததுபோல் குரூப் செத்துக் கிடந்தது. யாரோ ஒருவர் ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் சொன்னார். எதற்கடா இதைத் தொடங்கினோம் என்று ஆகிவிட்டது பிராங்க்ளினுக்கு.

வெள்ளிக்கிழமை மத்தியானம், ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி கடைக்கு வந்தார்.

"அட்மின் சார்தான? நான் சுகுணா, திருவரங்குளம். அவரத் திரும்பச் சேத்துவிடுங்க."

"யாரைங்க?"

"நீங்க எடுத்துவிட்டீங்களே, அவரத்தான்."

பிராங்க்ளினுக்கு வந்த எரிச்சலில் கையிலிருந்த காகிதக் கட்டு சரிந்தது. "ஒங்களுக்காகத்தாங்க எடுத்தேன். ஒவ்வொருத்தர்ட்டயும் நான் பேச்சு வாங்கிட்டு இருந்தேன். இப்ப நீங்களே வந்து சேக்கச் சொல்றீங்க. அந்தாளுக்காக நீங்க ஏங்க அலையணும்?"

சுகுணா குனிந்து, சரிந்த காகிதங்களை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"எங்க வீட்டுக்காரர் சார் அவர். பையன் கல்யாணத்துல வந்த மனத்தாங்கல். அன்னைக்குப் பேச்சு நின்னது, வீட்டுல ஒத்த வார்த்த கெடையாது."

பிராங்க்ளின் செல்போனைக் கையில் எடுத்தார்.

"அந்தக் குரூப்லதான் சார் பேசிக்கிட்டிருந்தோம்."