பல் டாக்டரின் சைலன்சர்

வண்டி ரிப்பேர் என்று வருகிறவன் எவனாவது சென்ட் அடித்துக்கொண்டு வருவானா? பல் டாக்டர் வந்தார். லொடலொடவென்று சத்தம் போடும் காரோடு, நாலாவது தடவையாக, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே பட்டறைக்குள் நுழைந்தார்.

"வணக்கம் மச்... மாஸ்டர்! மறுபடியும் ஆரம்பிச்சிடுச்சு."

மெக்கானிக்குக்கு எரிச்சல் தலைக்கேறியது. தான் சரிசெய்த வண்டி அதே கோளாறோடு திரும்பி வந்தால் அவருக்குச் சோறு இறங்காது. எதிர்ப் பட்டறைக்காரன் வேறு, இந்தச் சத்தம் கேட்டதும் வெளியே வந்து நின்று கைதட்டுகிறான்.

"கம்பெனி சைலன்சர் நல்லாத்தானே இருந்துச்சு? அதைக் கழட்டி என்கிட்டயே போட்டுட்டு, கார் கர்ஜிக்கணும்னு வெளியில ஒண்ணை வாங்கி மாட்டினீங்க. இப்ப பாத்திரக் கடையே உருண்டு வர்ற மாதிரி இருக்கு."

"அதை விடுங்க. வேலை முடிஞ்சதும் அவங்கதானே செக் பண்ணுவாங்க?"

அவங்க என்றது மெக்கானிக்கின் தங்கையை. அண்ணன் முடித்த வேலையைத் தங்கை ஒருமுறை வண்டிக்கு அடியில் உள்ள குழியில் இறங்கிச் சரிபார்த்த பிறகுதான் அந்தப் பட்டறையிலிருந்து எந்த வண்டியும் வெளியே போகும். இப்போது அவள் மூலையில் ஒரு வேனின் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தலையைக்கூடத் திருப்பவில்லை.

மெக்கானிக் காரைக் குழிமேல் நிறுத்தி, டாக்டரை ஆக்சிலேட்டர் மிதிக்கச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினார். சைலன்சர் தொங்கும் ரப்பர்களை அசைத்துப் பார்த்தார், கெட்டியாக இருந்தன. சூடு தடுக்கும் தகட்டைத் தட்டினார், அதுவும் ஆடவில்லை. எந்தப் பல் ஆடுகிறது என்று பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தவர், குழாய்கள் இரண்டும் சேருமிடத்து க்ளாம்ப்பைச் சுத்தியல் காம்பால் அழுத்தினார். சத்தம் நின்றது. காம்பை எடுத்தார். லொடலொட.

போன தடவை அந்த க்ளாம்ப்பின் நட்டை முடுக்கிவிட்டு, நட்டுக்கும் போல்ட்டுக்கும் சேர்த்து ஒரு வெள்ளைக் கோடு போட்டிருந்தார். இப்போது போல்ட்டில் பாதிக் கோடு இருந்தது, நட்டில் இருந்த பாதி வேறு திசை பார்த்துக்கொண்டிருந்தது. அது லாக் நட்டு. தானாகக் கழலவே கழலாது. யாரோ ஸ்பானர் போட்டிருக்கிறார்கள்.

சென்ட், சிரிப்பு, அந்த 'மச்' எல்லாம் மெக்கானிக்குக்கு ஒரே நொடியில் விளங்கிவிட்டது. குழியிலிருந்து தலையை நீட்டினார்.

"டாக்டர், இன்ஜின் ஓடட்டும், நீங்க இறங்குங்க. நட்டை லூஸ் பண்ணது யாரு?"

"எனக்கென்ன தெரியும்?"

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்காதீங்க. என் தங்கச்சியைப் பார்க்கத்தானே நீங்களே லூஸ் பண்ணிட்டு வர்றீங்க?"

டாக்டரின் முகம் காது வரை சிவந்துவிட்டது. "பார்க்க வர்றது நிஜம்தான். சத்தம் ஆரம்பிச்சா எனக்குச் சந்தோஷமா இருக்கு, அதுவும் நிஜம்தான். ஆனா சத்தியமா நான் லூஸ் பண்ணல மச்சான்!"

இந்தத் தடவை மாஸ்டர் என்று மாற்றிக்கொள்ளக்கூட அவருக்குத் தோன்றவில்லை. மெக்கானிக்கும் அதைக் கவனிக்கவில்லை. தங்கச்சி விஷயம் அப்புறம். நட்டு விஷயம்தான் அவருக்கு முதலில் தெரிந்தாக வேண்டும்.

"இந்தாங்க ஸ்பானர். கழட்டிக் காட்டுங்க, பார்க்கலாம்."

டாக்டர் குழிக்குள் இறங்கினார். பல் பிடுங்கும் குறட்டைப் பிடிப்பதுபோல் ஸ்பானரைப் பிடித்து, தம் கட்டித் திருகினார். நட்டு இறுகியது. இன்னும் பலமாகத் திருகினார். இன்னும் இறுகியது. சட்டையெல்லாம் கிரீஸ் ஆனது, சென்ட் வாசனை போய் வியர்வை வாசனை வந்தது, லொடலொட அடியோடு நின்றுபோனது.

"கழண்டுடுச்சா?" என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தார். எந்தப் பக்கம் திருகினால் கழலும் என்றே தெரியாத மனிதரைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று கூச்சமாகவும் இருந்தது.

"இது எதிர்ப் பட்டறைக்காரன் வேலை. உங்க கிளினிக் வாசல்ல வண்டி நிக்கறப்ப வந்து கை வெச்சிருக்கான். இனிமே வம்பே வேண்டாம் டாக்டர், உங்க பழைய சைலன்சரையே மாட்டிடறேன். அதுல நட்டும் கிடையாது, க்ளாம்ப்பும் கிடையாது, ஒரே துண்டா வெல்டிங் பண்ணது. சத்தத்துக்காக நீங்க இந்தப் பக்கமே வர வேண்டியதில்ல."

டாக்டரின் முகம் தொங்கிப்போனது. "வரவே... வேண்டாமா?"

"ஆயுசுக்கும் வேண்டாம்!" என்றவர், அதே உற்சாகத்தில் தங்கையைக் கூப்பிட்டார். "அம்மாடி, டாக்டரோட பழைய சைலன்சரை எடுத்துட்டு வா!"

வேனுக்குப் பின்னால் ஏதோ கணீரென்று கீழே விழுந்தது. தங்கை எழுந்து வந்தாள். கையில் சைலன்சர் இல்லை. டாக்டரைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், அழுதுவிடுவாள் போலிருந்தது.

"வேண்டாம்ண்ணே... அதுல நான் எந்த நட்டை லூஸ் பண்றது?"