விடுமுறைக்குப் பூட்டிய விடுதி

மேல்மாடியில் மறுபடியும் யாரோ நடந்தார்கள்.

இவள் கெட்டிலை அணைத்தாள். ‘டக்’கென்ற அந்தச் சின்னச் சத்தத்துக்கே மேலே நடை நின்றுவிட்டது.

அதுதான் இவளுக்குக் குலையை நடுக்கியது. இவள் சத்தம் போட்டால் அது நிற்கிறது. இவள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் அது நடக்கிறது.

விடுமுறைக்கு விடுதியைப் பூட்டியாயிற்று. மாணவிகள் எல்லாரும் போயாயிற்று. போகாதவள் இவள் ஒருத்திதான், அதுவும் திருட்டுத்தனமாக.

இவள் என்ன ஆசைப்பட்டா இருந்தாள்? கடல் தாண்டி ஊருக்குப் போய்வர வழியில்லை. அறைத்தோழி, எங்கள் வீட்டுக்கு வா என்று கூப்பிட்டாள். அதை நம்பி, விடுமுறைக்குத் தங்க வேறு இடம் இருக்கிறது என்று கல்லூரி அலுவலகத்தில் சொல்லியாயிற்று. அம்மாவிடமும் பெருமையாகச் சொல்லியாயிற்று. கிளம்புகிற அன்று காலையில் தோழியின் வீட்டில் என்ன சண்டையோ, அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தனியாகவே பஸ் ஏறினாள்.

அப்போதே அலுவலகத்துக்கு ஓடி, எனக்கு இடமில்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்கு வாய் வரவில்லை. பாழாய்ப்போன மானம்.

இப்போது பிடிபட்டால் விடுதி போகும், உதவித்தொகை போகும். அது போனால் படிப்பும் போச்சு, மூட்டை கட்டவேண்டியதுதான்.

ரகசியம் தங்குகிற இடமா அது? தத்துவம் படிக்க வந்தவளைச் செடியையும் படம் வரை, நாடகமும் நடி என்று சொல்லுகிற சின்னஞ்சிறு கல்லூரி. இங்கே ஒருத்தி தும்மினால் மறுநாள் பேராசிரியர் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்பார்.

எல்லாவற்றுக்கும் மேலே சாவி அக்கா.

சாவி அக்காவும் வெளிநாட்டிலிருந்து வந்து படிக்கிறவள்தான். மூன்றாம் வருடம், விடுதிப் பொறுப்பு அவளிடம். இடுப்பில் எந்நேரமும் சாவிக்கொத்து. கருணை என்று ஒன்று மட்டும் அந்தக் கொத்தில் கிடையாது. கடைசி நாள் ஒவ்வொரு அறையாக நுழைந்து கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தாள்.

“யாராவது ஒளிஞ்சிருந்து மாட்டுனீங்க, நேரா டீன்கிட்டதான். அப்புறம் அக்கா அக்கான்னு என்கிட்ட வந்து அழக்கூடாது.”

ஊருக்குப் போகிற மிடுக்கு அவளுக்கு. ஆளுயரப் பெட்டியை ஒற்றைக் கையால் அலட்சியமாகத் தூக்கிப் பஸ்ஸில் ஏற்றினாள். ஜன்னல் வழியாக எல்லாருக்கும் கையசைத்தாள். கொடுத்துவைத்த மகராசி என்று இவளுக்கு வயிறெரிந்தது. பஸ் திருப்பத்தில் மறைந்ததும், சலவை அறை ஜன்னல் வழியாக இவள் உள்ளே குதித்தாள்.

மேலே நடந்தது காவல்காரராக இருக்குமோ? திருடனாக இருக்குமோ? பேயாக இருந்துவிட்டால் தேவலை என்றுகூட நினைத்தாள். பேய் டீனிடம் போய்ப் புகார் சொல்லாது.

வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

பிறகு படிக்கட்டு கிரீச்சென்றது.

இறங்கி வருகிறது. இந்த மாடிக்குத்தான் வருகிறது. இவள் அறை வாசலில் வந்து நின்றது.

இவள் பாய்ந்து துணி அலமாரிக்குள் புகுந்து கதவை இழுத்துக்கொண்டாள். வாயைக் கையால் பொத்தினாள்.

பூட்டில் சாவி திரும்பியது.

அலமாரிக் கதவின் இடுக்கில் டார்ச் வெளிச்சம் ஆடியது. வெளிச்சத்துக்குப் பின்னால் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர்கள். சீவாத தலை. காலில் செருப்பில்லை, வெறும் சாக்ஸ்.

சாவி அக்கா!

தொலைந்தேன், என்று நினைத்தாள். ஊருக்குப் போவதுபோல் போக்குக் காட்டிவிட்டுக் கையும் களவுமாகப் பிடிக்க வந்திருக்கிறாள் பாவி. அம்மாவிடம் என்ன சொல்வது?

ஆனால் சாவி அக்கா கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை. யாரையும் தேடவில்லை. நேராகத் தோழியின் சுவர்த் தட்டுக்குப் போனாள். எந்த அறையில் யார் என்ன விட்டுப்போனார்கள் என்று சோதனை போட்டவளுக்குத் தெரியாதா? தோழியுடையதாயிற்றே என்று இவள்கூடத் தொடாமல் வைத்திருந்த பிஸ்கெட் பொட்டலத்தை எடுத்தாள். நின்றபடியே பிரித்து, இரண்டை ஒன்றாக வாயில் திணித்தாள்.

மென்றுகொண்டே மேஜைப் பக்கம் திரும்பியவள், கெட்டில் மூக்கில் லேசாக ஆவி வருவதைப் பார்த்தாள். மெல்லத் தொட்டாள். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்தா அம்மா கூப்பிட வேண்டும்? அலமாரிக்குள் செல்போன் அதிர்ந்தது. பலகையெல்லாம் சேர்ந்து அதிர்ந்தது. இவள் அதை அமுக்கினாள். அமுக்கி என்ன பிரயோஜனம்.

டார்ச் அலமாரியின் மேல் வந்து நின்றது.

கதவு படாரென்று திறக்கும் என்று இவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். திறக்கவில்லை. மெல்லக் கண்ணைத் திறந்தாள். சாவி அக்கா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள். இடுப்பில் சாவிக்கொத்து கிலுகிலுவென்று நடுங்கியது. மூடிய அலமாரியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“யாரா இருந்தாலும் சரி... நான் ஊருக்குப் போகலைன்னு ஆபீஸ்ல மட்டும் சொல்லிடாதீங்க. எனக்கு வேற போக்கிடம் இல்ல.”

இவளுக்கு அந்த ஆளுயரப் பெட்டி ஞாபகம் வந்தது.

காலிப் பெட்டியை யார்தான் ஒற்றைக் கையால் தூக்கமாட்டார்கள்.