தூக்குக்குண்டு சாய்ந்த கதை

பள்ளிக்கூடத்துச் சுவர் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க மேஸ்திரி அதன் உச்சியிலிருந்து நூலில் கட்டிய தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். "நேர்ல வர நேரமில்லை, படம் அனுப்புங்க" என்றுவிட்டார் இன்ஜினியர். சுவரை ஒட்டிய சந்து ஒடுக்கமானது; முழுச் சுவரும் ஒரே படத்தில் அடங்கவில்லை. அதனால் மேஸ்திரி மூன்று கோணத்தில் மூன்று படம் எடுத்தார்.

போனிலிருந்த செயலி அவற்றை ஒரே படமாக ஒட்டத் தொடங்கியது.

"நான்தான் நேர், அவனை இழு!" என்றது இடப்பக்கப் படம்.

"ஏன், உன்னை இழுத்தா தேய்ஞ்சா போயிடுவே?" என்றது வலப்பக்கப் படம்.

"வாயை மூடுங்க! வர்றவன் எல்லாம் இதையேதான் சொல்றான்" என்று எரிந்து விழுந்த செயலி, சுவரின் ஓரங்களைப் பிடித்து நிமிர்த்தியது.

நடுப்படத்திலிருந்த தூக்குக்குண்டு பதறியது. "ஐயோ, சாஞ்சிருக்கிறதே அந்தச் சுவர்தான்! என் கயித்தைப் பார்த்து நேராக்கு. உள்ளே பிள்ளைங்க படிக்குதுங்க!"

"அவ்வளவு பெரிய சுவரு பொய், நூல்ல தொங்குற நீ நிஜமா? பேசாம இரு" என்றது செயலி.

ஒட்டிய படம் இன்ஜினியருக்குப் போனது. அதில் சுவர் நட்டுக்குத்தலாக நின்றது. குண்டு ஒருபக்கமாகச் சாய்ந்து தொங்கியது.

இன்ஜினியர் உடனே போன் செய்தார். "சுவர் நல்லாத்தான் இருக்கு மேஸ்திரி. முதல்ல அந்தக் குண்டை மாத்துங்க."