நடுவில் வந்த வரி

திரையில் இருந்த கட்டளைகளை மூன்றாம் முறையாகப் படித்தாள். வரி அங்கேயேதான் இருந்தது.

ஒப்பிடு. நடுவில் ஒன்று. தாவு.

அந்த நடு வரியை, புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஃபெமிலா எழுதவில்லை. யாருமே எழுதவில்லை. நிரலைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் தானாகச் சொருகியது.

அந்தக் கம்பைலரை எழுதியவள் இவள்.

பதினொரு மணிக்கு மீட்டிங். இப்போது பத்து நாற்பது. மேசைக்கடியில் கால் ஆடிக்கொண்டே இருந்தது. நிறுத்தினாள். மறுபடி ஆடியது.

நேற்று சோதனைக் கூடத்தில் ட்ரிப்ஸ் பம்ப் அளவு தாண்டியும் நிற்கவில்லை. நல்லவேளை, குழாயின் மறுமுனையில் பாட்டில்தான் இருந்தது, மனிதர் இல்லை. அதற்கு முந்தின நாள்தான் ஃபெமிலா பம்பின் நிரலில் ஒரு வரி சேர்த்திருந்தாள். அப்புறம் என்ன, எல்லார் விரலும் அவள் பக்கம். சேர்ந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. இன்றோடு அனுப்பிவிடுவார்கள்.

ஃபெமிலாவின் வரியில் ஒரு குறையும் இல்லை. கூடுதலாக ஓர் எண்ணை நினைவில் வைக்கச் சொன்னது, அவ்வளவுதான். அதற்கே சிப்பில் எண்களை வைக்கும் இடமான ரெஜிஸ்டர் போதவில்லை. கம்பைலர் அங்கிருந்த பூஜ்யத்தை வெளியே தள்ளிவிட்டு, தேவைப்பட்ட இடத்தில் புதிதாக உண்டாக்கிக்கொண்டது. ஓர் எண்ணிலிருந்து அதே எண்ணைக் கழித்து. அதுதான் அந்த நடு வரி.

கழித்தால், கடைசிக் கணக்கின் விடையைக் குறித்துவைக்கும் ஃப்ளாக் மாறிவிடும். அளவு தாண்டிவிட்டது என்று ஒப்பீடு விட்டுப்போன பதில் அழிந்து, சமம் என்றாகும். பிறகு நிறுத்தும் கட்டளைக்குத் தாவாது; பம்ப் எப்படி நிற்கும்?

கழித்தல் ஃப்ளாக்கைத் தொடாது என்று கம்பைலருக்கு எவரோ சொல்லிவைத்திருக்க வேண்டும். கம்பைலரின் விதிகளைத் திறந்தாள்.

கழித்தல் விதி, அதற்கு மேலிருந்த விதியை நகலெடுத்து ஒட்டியது. பெயரை மாற்றியவர் ஃப்ளாக் பற்றிய குறிப்பை மாற்றவில்லை. நான்கு வருடத்துக்கு முந்தைய தேதி. பக்கத்தில் இவள் பெயர்.

சே! அன்றைக்கு அப்படி என்ன தலைபோகிற அவசரம்?

இதைப் படிக்கத் தெரிந்த இன்னொரு ஆள் இந்தக் கட்டடத்தில் இல்லை. திரையை மூடினால் முடிந்தது. நினைத்ததற்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் கை மௌஸின் மேலேயே இருந்தது.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு ஃபெமிலா வந்தாள். கண் சிவந்திருந்தது. கையில் ஒரு தாள்.

"ராஜினாமாவ நானே எழுதிட்டேன்க்கா. அவங்க போன்னு சொல்லதுக்கு முன்னாடி நாமளே குடுத்துட்டா மரியாதையா இருக்கும்லா? தப்பு எங்கன்னுதான் இப்பவும் பிடிபடல."

மேசையில் வைத்தாள். 'இந்தத் தவறுக்கு நானே பொறுப்பு' என்று தொடங்கியது. கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"பேனா இருக்காக்கா?"

இருந்தது. இவள் மூடியைக் கழற்றினாள். கொடுக்கவில்லை.

தாளைத் தன் பக்கம் இழுத்து, கையெழுத்துக்கு விட்ட இடத்தில் பேனா முனையை வைத்தாள்.