ஐம்பதாவது நட்சத்திரம்

உறை இன்னும் ஒட்டியபடியே இருந்தது.

ஐம்பதையும் கண்டுபிடித்த பிறகுதான் அதைப் பிரிக்கலாம். அவன் ஏழு மாதமாக நாற்பத்தொன்பதிலேயே நின்றான்.

விண்வெளித் தொலைநோக்கி அனுப்பிய படத்தில் அந்த நட்சத்திரக் கொத்து, ஒரு கை உப்பைக் குவித்ததுபோல் உருண்டு திரண்டிருந்தது. நடுவில் ஊசி குத்தவும் இடமில்லை.

அங்கே எண்ணுகிறவரின் கண்ணை நம்புவது எப்படி? சில வருட இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களில் ஒன்றுக்குள் மட்டும் ஒருவர் பொய் நட்சத்திரங்களை ஒளித்துவைப்பார். இடங்களை எழுதி உறையில் போட்டு ஒட்டிவிடுவார். இன்னொருவர் இரண்டு படத்தையும் ஒப்பிட்டு அவற்றைப் பொறுக்கி எடுக்க வேண்டும்.

ஒளித்தவள் அவன் மனைவி.

“ஐம்பதும் துரை கண்ணுல சிக்கட்டும், பார்க்கலாம்” என்று பந்தயம் கட்டிவிட்டு, மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். சின்ன அறுவைசிகிச்சைதான். நாலு நாளில் வீடு என்றார்கள்.

அவளிடமே கேட்டுவிடலாமே என்று இப்போது யாரும் சொல்வதில்லை.

நட்சத்திரக் கணக்கெடுப்புக்குத் தலைமை தாங்கும் மேடம் அவன் மேசைக்கே வந்துவிட்டார்.

“சாயங்காலம் பட்டியல் போயாகணும்பா. இல்லாத நட்சத்திரத்தை இருக்குன்னு அனுப்பினா ஊரே சிரிக்கும். பிரிச்சுடு.”

“இன்னும் ஒண்ணு பாக்கி, மேடம்.”

பிரித்தால் பந்தயம் முடிந்துவிடும்.

மேடம் உறையைத் தொடவில்லை. கத்தரிக்கோலை மட்டும் அவன் பக்கம் நகர்த்தினார்.

ஓரத்தை வெட்டினான். ஒரே தாள். அவள் கையெழுத்தில் எண், இடம், எண், இடம். விரலை வைத்து இறங்கினான். நாற்பத்தொன்பதும் அவன் கண்டுபிடித்தவையே.

ஐம்பதுக்கு எதிரே இடம் குறிக்கவில்லை; அவள் எழுதிய ஒரு குறிப்பு மட்டும்.

‘வைக்கவே இல்ல. நான் வீட்டுக்கு வர்ற வரைக்கும் துரைக்குப் பொழுது போகணுமே.’

“எங்கேப்பா வெச்சிருக்கா?”

“பட்டியல் சரியாத்தான் இருக்கு, மேடம். அனுப்பிடுங்க.”

மேடம் அவன் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார்.

தாளை மடித்து உறைக்குள் வைத்தான். வெட்டிய ஓரத்தை மறுபடி ஒட்டினான்.

பிறகு படத்தைப் பெரிதாக்கி, இடது மேல் மூலையிலிருந்து தேட ஆரம்பித்தான்.