தெரியும் என்றார் அப்பா

“இவரை மாதிரி ஒரு குடும்பஸ்தனை நான் பார்த்ததே இல்லை” என்று தலைமைப் பொறியாளர் மைக்கில் சொன்னபோது, முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

அணை அலுவலகத்தின் கூட்ட அறையில் நிற்கவும் இடமில்லை. முப்பத்தோரு வருடம் மதகு இயக்கியவர் இறந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

“டூட்டி முடிஞ்சா நேரா வீடு. சம்சாரத்துக்குத் தலைவலின்னா அன்னிக்கு சமையல் இவர்தான். பையனுக்குக் கணக்கு வரலைன்னு கண்ட்ரோல் ரூம்ல உக்காந்து அஞ்சாங்கிளாஸ் கணக்கு படிச்ச மனுஷன்.”

சிரிப்பு எழுந்து அடங்கியது. பொறியாளரின் குரல் தணிந்தது.

“அந்த வெள்ளத்தன்னிக்குக் கரை விரிசல் விட்டிருச்சு. மதகைத் திறந்தா ஆத்தோரத் தெருக்கள் மூழ்கும். இவர் வீடும் அங்கதான். திறக்கலைன்னா மொத்த ஊரும் போயிடும். மைக் வச்சு ஜனங்களை மேட்டுக்கு ஏத்தினோம். இவர் சக்கரத்தைச் சுத்தினார். இன்னிக்கு இங்க உக்காந்திருக்கிற அத்தனை பேரும் அந்தக் கையால பிழைச்சவங்க.”

யாரும் கைதட்டவில்லை. பின்வரிசையில் ஒரு நர்ஸ் எழுந்து நிற்க, ஒவ்வொருவராக எல்லோரும் எழுந்தார்கள்.

“இப்ப அவர் மகன் பேசுவார்.”

மகன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் திரும்பினான். “நான் என்னம்மா பேசறது? ஜனங்களை ஏத்தினாங்களாம். நாம எங்க ஏறினோம்?”

அப்போது அவனுக்கு ஒன்பது வயது. கால் முறிந்து, மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தான். தெரு காலியான பிறகும் அம்மாவால் அவனைத் தனியாகத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை. தண்ணீர் வாசற்படி தாண்டியதும் எப்படியோ அவனைப் பரணில் ஏற்றினாள். சாயங்காலம் அப்பா படகில் வந்து இறக்கும்போது, தண்ணீர் பரணுக்கு ஒரு சாண் கீழே நின்றது.

“நாங்க உள்ள இருக்கோம்னு உங்களுக்குத் தெரியுமாப்பா?” என்று படகில் கேட்டான்.

அப்பா துடுப்பைப் பார்த்துக்கொண்டே, “தெரியும்” என்றார்.

அந்த ஒரு வார்த்தையோடு சரி. இருபத்தோரு வருடம் அவரிடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. வேலை கிடைத்ததும் வேறு ஊர். எப்போது வந்தாலும் அப்பா பஸ் ஸ்டாப்பில் குடையோடு நிற்பார். பையை வாங்கிக்கொண்டு பின்னாலேயே நடந்து வருவார்.

“மேடை ஏறிப் பொய் பேச என்னால ஆகாதும்மா.”

“நீ உக்காரு. நான் பேசறேன்.”

அம்மா மைக்கின் முன்னால் போய் நின்றாள். கூட்டத்தைப் பார்க்கவில்லை, மகனை மட்டும் பார்த்தாள்.

“அன்னிக்கு மதகைத் தொடறதுக்கு முன்னாடி உங்கப்பா என் செல்போனுக்குக் கூப்பிட்டார். ‘எங்க இருக்கீங்க, ரெண்டு பேரும் வெளிய வந்துட்டீங்களா’ன்னு கேட்டார். குரல் உடைஞ்சு போயிருந்துச்சு. ‘நீங்க உள்ள இருந்தா என்னால இதைச் செய்ய முடியாது’ன்னார். எனக்குப் பின்னாடி கட்டில்ல நீ. அணைக்குக் கீழ இத்தனை ஜனம்.”

மகன் தன்னையறியாமல் எழுந்து நின்றான்.

“‘ரெண்டு பேரும் மேட்டுல பத்திரமா இருக்கோம், திறங்க’ன்னு உனக்குக் கேக்காம வாசல்ல நின்னு சொன்னது நான்தாம்பா. மேட்டுல நம்மளைத் தேடிக் காணாமத்தான் சாயங்காலம் படகு எடுத்துக்கிட்டு வந்தார். பொய் சொன்ன அம்மாவை நீ வெறுத்துடக் கூடாதேன்னுதான், ‘தெரியும்’னு ஒரு பொய் சொல்லி, சாகற வரைக்கும் உன் கோபத்தை அவர் வாங்கிக்கிட்டார்.”